கரையாத ஒரு பிடி

நான் ஜனார்த்தனன், இருபத்திரெண்டு வயசு, கண்டி பங்களா ஒண்ணுல நீச்சல் குளம் பாக்குறேன். கண்ணுபட்டு காய்ச்சல்னு தன்னோட பாப்பாவச் சுத்தி எடுத்த ஒரு பிடி உப்ப, மகாவலி ஆத்துல கரைக்கச் சொல்லி அக்கா குடுத்துவிட்டிச்சு. மறந்துட்டேன். இங்க குளோரின் போடுறத நிறுத்தி உப்புத் தண்ணி மிஷின் மாட்டினாங்க. அதுக்காக குளத்துல கொட்டின பன்னெண்டு மூட்ட உப்போட அக்கா குடுத்ததையும் கொட்டிட்டேன்.

மூட்ட உப்பெல்லாம் அன்னைக்கே கரைஞ்சிருச்சு. அந்த ஒரு பிடி மட்டும் அடியில அப்படியே கெடக்கு. வலையால அள்ளி வெளிய போட்டேன். காலையில பாத்தா திரும்ப உள்ள கெடக்கு, ஆழமான பக்கமா ஒரு அடி தள்ளி. தெனமும் அள்ளுறேன், தெனமும் ஒரு அடி போகுது.

மிஷின் மாட்டின அண்ணன், றிஸ்வி நானா, "ஒரு பிடி உப்புக்கா அழுவுற தம்பி"ன்னு சிரிக்கிறாரு.

பாப்பாவச் சுத்தின உப்பு ஆழத்துக்குப் போக இன்னும் ஒரு அடிதான். எனக்குப் போய்ப் பாக்கப் பயமா இருக்கு; இத யாரு வாசிச்சாலும், அக்கா வீட்டுக்குப் போயி பாப்பாவோட தலைமுடி நனைஞ்சிருக்கான்னு தொட்டுப் பாத்துச் சொல்லுங்க.