முன் டாங்க் எனக்கு, பின் டாங்க் தம்பிக்கு

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

அப்பா விட்டுப்போன பழைய பிக்கப் வண்டிக்கு இரண்டு டீசல் டாங்க். பாகம் பிரித்தபோது, ஆளுக்கொரு நாள் ஓட்டுவது, அவரவர் டாங்க்கை அவரவர் நிரப்புவது என்று முடிவானது. மூத்தவன் விட்டுக்கொடுக்க வேண்டுமல்லவா? பெரிதாக இருந்த பின் டாங்க்கைத் தம்பிக்கே கொடுத்தேன். அடுத்தவன் டீசலைத் தொட்டவன் வண்டியை விட்டுவிட வேண்டும் என்று மாமாவைச் சாட்சி வைத்து எழுதிக்கொண்டோம்.

முதல் வாரமே வண்டி நடுரோட்டில் இருமி நின்றது. என் டாங்க் காலி. தம்பியின் டாங்க் மூடிவரை ததும்பியது.

"நேத்துதானேடா நிரப்பினேன்?"

"பிள்ளைங்க மேல சத்தியம்ணே, நான் தொடலை."

"அப்ப டீசல் தானா நடந்து போச்சா?"

பூட்டுப் போட்டேன். அப்படியும் குறைந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பூட்டுன டாங்க்லயே எடுக்குறான்னா, பெரிய கைகாரன்தான்" என்றார் மாமா.

தம்பி வண்டிச் சாவியை என் காலடியில் வைத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டே போனான். இப்போது எங்கோ மூட்டை தூக்குகிறானாம்.

பாவம், அவன் ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை. டாங்க் மாற்றுகிற வால்வு பழுது. முன் டாங்க்கில் ஓட்டினால், எஞ்சின் எரித்ததுபோக மிஞ்சும் டீசல் பின் டாங்க்குக்குப் போய்விடும். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தபடியே எனக்கு விளக்கமாகச் சொன்னான்.

பாகம் பிரிப்பதற்கு முந்தின வாரம் சொன்னான்.