பெல்ஷா பாடி முடிக்கட்டும்

லிஃப்ட் திறந்தது. ரோனி பெல்ஷா வெளியே வந்தார்.

அழகர்கோவில் சாலையில் இருக்கும் அந்த ஹோட்டலின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றிருந்த வர்ஷினி கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

காலையில் டூட்டிக்கு வந்ததும் கணினியில் அந்தப் பெயரைப் பார்த்தாள். பாத்ரூமுக்குள் போய் அம்மாவுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஹம்சவேணி உடனே விசாரித்தாள்.

“கூட யாரும் வரலியா? சரி. கோவப்படாமக் கேளுடி. அந்த மனுசன் மேல தப்பு இல்ல. அப்பா எங்கன்னு மட்டும் கேளு.”

லாபியில் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. கைத்தடியோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர், அவ்வளவுதான்.

பதினாறு வயதில் மான்செஸ்டரில் ஒரு மதுவிடுதியின் மூலையில் நின்று பாட ஆரம்பித்தவர் அவர். அந்த இசையை ராக் என்பார்கள், சோல் என்பார்கள். கேட்டால், தொண்டைக்குள் யாரையோ பூட்டி வைத்திருப்பது போலவும் அந்த ஆள் கதவைத் தட்டுவது போலவும் இருக்கும். சின்ன வயதிலேயே உச்சிக்குப் போனார். குடித்துக் குப்புற விழுந்தார். எல்லோரும் மறந்த பிறகு ஒரே ஒரு காதல் பாட்டால் எழுந்து வந்தார். அதன்பின் நிற்கவேயில்லை. தலை நரைத்த பின்னும், இடுப்பில் ஆபரேஷன் நடந்த பின்னும், நாடு நாடாகப் போய்ப் பாடிக்கொண்டேயிருந்தார்.

அவர் பாடிக்கொண்டிருந்தவரை வர்ஷினியின் அப்பா வீட்டுக்கு வரவில்லை.

அப்பா ஜனகராஜ் செல்லூரில் பவர்லூம் ரிப்பேர் பார்த்தவர். எலெக்ட்ரீஷியனாக லண்டனுக்குப் போனார், எப்படியோ பெல்ஷாவின் குழுவில் சேர்ந்தார். மேடையில் ஏறுகிறவர் அல்ல. ஓரத்து இருட்டில் நின்று, அறுந்த கம்பியை மாற்றி, கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக் கொடுக்கிறவர்.

கடைசியாக அவர் ஊருக்கு வந்தபோது வர்ஷினிக்கு நாலு வயது.

அப்புறம் போன் மட்டும்தான். இந்த வாரம் ஹாம்பர்க், அடுத்த வாரம் ஓஸ்லோ, டூர் முடியட்டும் வந்துடுறேன் என்பார். வளர்ந்த பிறகு வர்ஷினி இணையத்தில் தேடிப் பார்ப்பாள். அப்பா சொன்ன ஊரில், சொன்ன நாளில், பெல்ஷாவின் கச்சேரி இருக்கும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

தெருவில் ஆயிரம் பேசினார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரி இருக்கிறாள் என்றார்கள். அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. “பெல்ஷா பாடி முடிக்கட்டும். இவரு வந்துருவாரு.”

பெல்ஷாவின் புது ஆல்பம் வந்தபோதெல்லாம் உலகத்தில் அழுத ஒரே ஆள் வர்ஷினியாகத்தான் இருக்கும்.

கச்சேரி வீடியோக்களில் அவள் பாடுகிறவரைப் பார்த்ததே இல்லை. மேடையின் ஓரத்தையே பார்ப்பாள். ஒருமுறை கறுப்புச் சட்டை போட்ட ஒரு ஆள் குனிந்து ஒயரை இழுத்துவிட்டுப் போனான். முகம் தெரியவில்லை. அம்மாவிடம் காட்டினாள். “ஆமா, முதுகு அப்படித்தான் இருக்கும்” என்றாள் அம்மா. அந்த வீடியோவை இருவரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

போன வருடம் மான்செஸ்டரில் கடைசிக் கச்சேரி. இனி பாட மாட்டேன் என்று பெல்ஷா சொன்னதும் அரங்கமே அழுதது. செல்லூரில் அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தாள். கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டாள்.

அதோடு அப்பாவின் போன் நின்றுவிட்டது.

“இம்புட்டு வருசச் சாமானையும் கட்டணும்ல. மெதுவா வரட்டும்” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

பெல்ஷா மேசைக்கு வந்து கைத்தடியைச் சாய்த்து வைத்தார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். எடுத்துச் சொல்லக் கூட ஆள் இல்லை.

“சார், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்” என்று வர்ஷினி ஆரம்பிக்கவும் அவரும் பேச ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. அவள் நிறுத்திக்கொண்டாள். பெரியவர் முதலில் சொல்லட்டும்.

“ஒரு ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு உதவ முடியுமா?” என்றார். அந்தக் குரல் இப்போது வெறும் கரகரப்பாக இருந்தது. “அதற்காகத்தான் இந்த ஊருக்கே வந்தேன். மனைவி போய்விட்டாள். குழுவில் பாதிப் பேர் போய்விட்டார்கள். பார்க்க வேண்டும் என்று தோன்றுவது இவன் ஒருவனைத்தான். செல்லூர் என்று ஒரு இடமாமே?”

அவள் தலையை ஆட்டினாள்.

“ஜான் என்று கூப்பிடுவேன். முழுப் பெயர்…” அவர் கண்ணை மூடி, எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொன்னார். “ஜனகராஜ்.”

வர்ஷினி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என் கிட்டாரை அவனைப் போல யாரும் பார்த்துக்கொண்டதில்லை. ரொம்ப காலத்துக்கு முன்னாலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். போகாதே என்று கெஞ்சினேன். மகளுக்கு அஞ்சு வயதாகப் போகிறது, அவள் வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றான். நானே ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டேன். அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. வீட்டோடு சந்தோஷமாக இருப்பவனுக்கு என் நினைப்பு எதற்கு?”

அவர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

“உங்களுக்கு அவனைத் தெரியுமா?”

“தெரியாது சார்” என்றாள் வர்ஷினி. பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை.

பெல்ஷா கைத்தடியை எடுத்துக்கொண்டு, அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அந்தப் பெண்ணுக்கு இப்போது உங்கள் வயதுதான் இருக்கும்” என்றார். “கொடுத்துவைத்தவள்.”