மூன்றாவது மாலை

போரில் இறந்த வீரர்களின் சமாதிகளைச் சுத்தம் செய்யப் புதூர்நாட்டு இடுகாட்டுக்கு வந்திருந்த தன்னார்வலர் சிவசங்கரி, மூன்றாவது சமாதிக்கும் மாலையை எடுத்தாள்.

கூடவே களை பிடுங்கிய பெரியவர் தடுத்தார். "அதுக்கு வேணாம்மா."

"ஏங்க?"

"உள்ள ஆளே இல்ல. சண்டையில காணோம்னு சேதி வந்ததும் துணிமணியப் பொதைச்சுக் கட்டிட்டாங்க. பூச போட்டத இடிக்கக் கூடாதுன்னு ஊருல வுடல."

அவளுக்குச் சுருக்கென்றது. "உடம்பு கெடைக்கலன்னா தியாகம் இல்லன்னு ஆயிடுமா?"

மாலையைப் போட்டுக் கண்மூடிக் கும்பிட்டாள். பெரியவர் நெளிந்தார்.

சோற்றுத் தூக்கோடு வந்த அவர் மனைவி அம்மாக்கண்ணு, சமாதியைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, இந்த வருசமும் உனக்கு மாலையா? செத்தது போதும், சோறு துன்ன வா."