அந்த ஒரு அழுகை

பழைய படங்களைப் பற்றிப் பத்திரிகையில் தொடர் எழுதும் நிருபர், ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளரின் வீட்டுக்கு ஒரே ஒரு கேள்வியோடுதான் வந்திருந்தாள்.

"அண்ணன் செத்த சேதி கேட்டு கதாநாயகி அழுவாங்களே சார், இப்பக் கேட்டாலும் உடம்பு சிலிர்க்குது. அது அந்த நடிகையோட குரலே இல்லைன்னு சொல்றாங்க. நிஜமா?"

பெரியவருக்குப் பெருமை தாங்கவில்லை. "நிஜந்தான். அந்தம்மா பதினெட்டு தடவை அழுதாங்க, ஒண்ணும் தேறல. டைரக்டர் என் உயிரை வாங்கிட்டார். கடைசில வேற ஒருத்தரோட அழுகையைப் பதிவு பண்ணிச் சேர்த்தேன். ஒரே டேக்!"

"யாரு சார் அவங்க? படத்துல பேரே இல்லையே?"

"குடும்பப் பொம்பளை. பேரு வேண்டாம்னுட்டாங்க."

"என்னை யாரு கேட்டா?" என்றபடி தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள் அவர் மனைவி.

நிருபர் துள்ளி எழுந்தாள். "அம்மா, நீங்களா! எப்படிம்மா அவ்வளவு தத்ரூபமா நடிச்சீங்க?"

"நான் எங்க கண்ணு நடிச்சேன்? எங்கண்ணன் லாரியில அடிபட்டுப் போயிட்டான்னு இவரோட ஸ்டுடியோவுக்குத்தான் போன் வந்துச்சு. இவர் ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தார். ரிப்பேர்னு சொல்லி மேஜைல வெச்சு, சுவிட்சைப் போட்டுட்டு, அப்புறந்தான் எங்கிட்ட விஷயத்தைச் சொன்னார்."

பெரியவர் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தியேட்டர்ல உக்காந்து படம் பாக்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது. என்னைச் சுத்தி அத்தனை பேரும் தேம்பித் தேம்பி அழுதாங்க கண்ணு. இவரும் அழுதார்."