ஆணியில் தொங்கிய மூடி

மரம் அறுக்கும் மெஷினை வீட்டிலேயே பிரித்துப் போட்டார் தணிகைவேல். தூளைத் தட்டி, மோட்டாரின் தேய்ந்த கார்பன் கட்டையை மாற்றி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். பிளேடின் மூடியை மட்டும் மாட்டவில்லை.

"இந்தச் சனியன் இருந்தா அறுக்குற கோடு தெரிய மாட்டேங்குது" என்று அதைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டு, மெஷினை ஓட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நான் உங்க விரலுக்காக இருக்கிறவன்!" என்று மூடி கத்தியது. மெஷின் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

மறுநாளே ஒரு விரல் போனது.

கட்டுப்போட்ட கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், "எவன் கண்ணு பட்டுச்சோ!" என்று புலம்பிக்கொண்டே, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றை அதே ஆணியில் மாட்டினார்.

"கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றது எலுமிச்சை. "நீங்க இங்க என்ன வேலை பார்க்குறீங்க?"

"அவர் கையைக் காப்பாத்துற வேலை" என்றது மூடி.

"அப்படியா? அந்த வேலைக்கு என்னைப் போட்டுட்டாங்களே!"