தராசில் ஆலோசகர்

மங்கரே விமான நிலையத்தில் அரசாங்க ஆலோசகர் தராசின்மேல் ஏறி நிற்கிறார். சின்னத் தீவுக்குப் போகிற சின்ன விமானம். சாமானோடு ஆளையும் எடை நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். ஜன்னல் வெயில் அவருடைய கோல்ஃப் மட்டைகளில் பளபளக்கிறது. "எத்தனை காலம்தான் நம் அரசாங்கப் பணத்தில் அந்தத் தீவு பிழைக்கும்? சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொடுக்கப் போகிறேன்" என்கிறார். அவருடைய டிக்கெட்டே தீவுக்கு ஒதுக்கிய அந்தப் பணத்தில் வாங்கியதுதான். கவுண்டரில் நிற்கும் இராசமலருக்கு அது தெரியும். தீவின் நர்ஸ் மெலே, தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறாள். பாரம் கூடிவிட்டது. "சேர், மட்டைகள் அடுத்த கிழமை விமானத்தில் வரட்டுமே?" என்கிறாள் இராசமலர். "முடியாது, அங்கே மந்திரியோடு ஆட்டம் இருக்கிறது." மெலே ஃபிரிட்ஜை ஒருமுறை தடவிவிட்டு வரிசையை விட்டு விலகுகிறாள். "இது போகட்டும். நான் அடுத்த கிழமை போகிறேன்." ஆலோசகர் முகம் மலர்கிறது. "பார்த்தீர்களா? மனம் வைத்தால் அவர்களே சமாளித்துக்கொள்கிறார்கள்!" தராசிலிருந்து இறங்கியவர், மட்டைப் பையைத் தொடாமல், சுமை ஏற்றும் சுந்தரத்தைப் பார்த்து விரலைச் சொடுக்குகிறார். "போங்கோ சுந்தரம்," என்கிறாள் இராசமலர் தமிழில், சிரித்த முகம் மாறாமல், "சொந்தக் காலிலை நிக்கிறவருக்குக் கை இல்லையாம்."