மணலில் மூன்று சுற்று

“இத வேற யாருக்காச்சும் காட்டியிருக்கியா?”

அவள் எழுதிய கணினி விளையாட்டை முதல்முதலாகப் பார்த்த அன்று திருமேனி கேட்டது. இல்லை என்றாள். அப்போது அவன் முகத்தில் தெரிந்தது நிம்மதியா, வேறு ஏதாவதா? இரண்டு வருடமாக யோசிக்கிறாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் விளையாட மதுரையிலிருந்து வந்திருந்தான். மாமா மகன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, மௌஸைப் பிடித்திருந்த அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருட வேலை. இ-சேவை மையத்தில் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து, வரி வரியாக எழுதியது. விளையாட்டுக்குள் ஏழு பாளையங்கள். நாற்பது கண்மாய்கள். வறண்ட நாடு. அங்கே படைகள் வாளுக்குச் சாவதைவிடத் தாகத்துக்குச் சாவதுதான் அதிகம்.

நாளைக்கு இது அவன் பெயரில் வெளிவந்தால்?

அவள் எழுதுவதெல்லாம் இணையத்தில் தானாகச் சேமிக்கப்படும்படி செய்துகொடுத்தவன் அவன்தான். கடவுச்சொல் இருவருக்கும் தெரியும்.

“நான் உள்ள போயே பாக்க மாட்டேன். ரகசியம் தெரிஞ்சுக்கிட்டு விளையாடுனா என்ன ருசி?” என்பான்.

ஆனால் போன மாதம் அவள் ஒளித்துவைத்த சுரங்கவழியை முதல் சுற்றிலேயே கண்டுபிடித்தான். அதிர்ஷ்டம் என்றான்.

அதனால் புதன்கிழமை ஓர் ஊற்றை வைத்தாள்.

காய்ந்த ஆற்றின் நட்டநடு மணலில். வரைபடத்தில் அடையாளமே கிடையாது. படை அங்கே மூன்று சுற்று அசையாமல் நின்றால்தான் தண்ணீர் ஊறும். சுற்றுக்கு நூறு பேர் சுருண்டு விழுவார்கள். புத்தியுள்ள எவனும் நிற்கமாட்டான்.

அவளுடைய நிரலைப் படித்தவனைத் தவிர.

“ஏப்பா திருமேனி, இன்னைக்காச்சும் அவள செயிச்சியா?” அடுப்படியிலிருந்து அம்மா.

“எங்கத்த? தண்ணி காட்டுறா உங்க மக.”

அம்மா சிரித்தாள். தை பிறந்ததும் தன் அண்ணனிடம் கல்யாணப் பேச்சை எடுப்பதாக இருந்தாள். மகள் இன்னும் சரி சொல்லவில்லை.

அவன் படை ஆற்றுக்குள் இறங்கியது.

நடு மணலில் நின்றது.

சுற்றை முடித்தான். நூறு பேர் விழுந்தார்கள்.

நகர்த்திவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

மறுபடியும் முடித்தான். இன்னும் நூறு பேர்.



மூன்றாவது.

மணல் கருத்தது. தண்ணீர் ஊறியது.

ஆக, உண்மைதான்.

எப்படித் தெரிந்தது என்று கேட்க வாயெடுத்தாள். புதன்கிழமையிலிருந்து தீட்டி வைத்திருந்த கேள்வி.

அப்போதுதான் ஊற்றுக்கான வரிகளுக்கு அடியில் எழுதிவைத்த குறிப்பு நினைவுக்கு வந்தது. கணினி அதைத் தாண்டிப் போய்விடும், மனிதர்கள்தான் படிப்பார்கள். கோபத்தில் எழுதியது. அழிக்க நினைத்தாள். அழிக்கவில்லை.

‘அத்தான், இது பொறி. இங்க வந்து நின்னீங்கன்னா, திருட்டுத்தனமா படிக்கிறீங்கன்னு அர்த்தம்.’

ஊற்றைப் படித்தவன் அதையும் படித்திருப்பான்.

பொறி என்று படித்துவிட்டுத்தான் நின்றிருக்கிறான், ஒப்புக்கொள்கிறவன்போல. மூன்று சுற்றும்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மௌஸை மெல்ல அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அடுப்படியில் பணியாரத் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது.

எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டான். படியிறங்கிப் போனான்.